காவல் என்னும் சொல்

தமிழில் 'காவல்' என்னும் ஒரு சொல்லுக்கே இரண்டு பொருள் உண்டு. கழனிக்குக் காவல், களத்துமேட்டுக்குக் காவல், ஊர் எல்லையிலே குதிரையேறி நிற்கும் ஐயனார் ஊருக்குக் காவல் என்று சொல்லும்போது அச்சொல் அபயத்தைக் குறிக்கிறது. ஒருவனைக் காவலில் வைத்தார்கள், அவனுடைய காவலை நீட்டித்தார்கள் என்று சொல்லும்போது அதே சொல் சிறையைக் குறிக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்தவர்களுக்குத் தமிழில் வழங்கிய பெயர் 'பாதுகாப்புக் கைதி' என்பது. அந்தத் தொடரில் பாதுகாப்பு யாருக்கு, கைது யாருக்கு என்று சற்றே நின்று கேட்டுப் பார்த்தால், ராஜாங்கம் பிரஜைகளைக் காக்கிறதா, அன்றி அவர்களுடைய சுதந்திரத்துக்கே அபாயமாக நிற்கிறதா என்னும் பழைய வினா முழுவதும் அந்த இரண்டு வார்த்தைகளுக்குள் அடங்கியிருப்பது புலனாகும்.

இவ்வினாவைத் தத்துவ நூல்களின் துணைகொண்டு ஆகாயத்தில் நிறுத்தி ஆராய்வோர் உண்டு. ராஜாங்கம் இல்லாவிடில் மனிதனுக்கு மனிதனே சத்துருவாவான் என்ற ஹாப்ஸின் பக்கம் சிலரும், பிரஜைகளின் உரிமையைக் காக்கத் தவறிய ராஜாங்கம் தன் அதிகாரத்தையே இழந்துவிடுகிறது என்ற லாக்கின் பக்கம் சிலரும் நின்று வாதிட்டு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயின. அவ்வாதத்தில் நான் புகப் போவதில்லை. ஒரு சட்டம், ஒரு மாகாணம், ஒரு கைதி என்று விஷயத்தைச் சுருக்கிக்கொண்டு, அங்கே ராஜாங்கத்தின் கை எப்போது காத்தது, எப்போது நெரித்தது என்று பார்ப்பதே எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. மாகாணம் சென்னை, கைதி கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன், சட்டம் 1950 ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டம்.

அந்த ஆண்டின் தொடக்கத்தை நினைவில் நிறுத்துவது அவசியம். ஜனவரி 26 ஆம் தேதி நாடு குடியரசாயிற்று; சுதந்திரமும் சமத்துவமும் அடிப்படை உரிமைகளாக எழுதப்பெற்ற அரசியல் சாசனம் அன்று அமலுக்கு வந்தது. பதினாறு நாட்கள் கழித்து, பிப்ரவரி 11 ஆம் தேதி, சேலம் மத்திய சிறையில் அடைபட்டிருந்த கம்யூனிஸ்டுக் கைதிகளின்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 பேர் மாண்டார்கள். அவர்களிற் பெரும்பாலோர் மலபாரைச் சேர்ந்தவர்கள். பிப்ரவரி 25 ஆம் தேதி, ஒருவன் குற்றம் செய்தான் என்பதற்காக அல்லாமல் செய்யக்கூடும் என்பதற்காகவே அவனை அடைத்துவைக்க அதிகாரம் தரும் மசோதா பார்லிமெண்டில் ஒரே நாளில் நிறைவேறியது. மார்ச் முதல் தேதியன்று அப்புதிய சட்டத்தின்கீழ் ஓர் உத்தரவு, ஏற்கெனவே சிறையில் இருந்த கோபாலன் கையில் கொடுக்கப்பட்டது. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வாரப் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாதென்று மாகாண சர்க்கார் பிறப்பித்த ஆணையும் அதே மார்ச் முதல் தேதியிட்டதுதான். ஒரு மனிதனின் உடலையும் ஒரு பத்திரிகையின் குரலையும் ஒரே நாளில் தடுத்த அந்த உத்தரவுகளின் கதையை, சுதந்திர இந்தியாவின் சட்ட சரித்திரத்தினுடைய முதல் அத்தியாயம் என்றே சொல்லலாம்.

கோபாலன் சிறைக்குப் புதியவர் அல்லர். குருவாயூர் ஆலயப் பிரவேச சத்தியாக்கிரகத்தில் தொண்டர் படைக்குத் தலைமை தாங்கியவர்; 1936 இல் மலபாரிலிருந்து சென்னைப் பட்டணம்வரை பட்டினி யாத்திரை நடத்தியவர்; யுத்த காலத்தில் வேலூர்ச் சிறையிலிருந்து சுவரைத் துளைத்துத் தப்பியவர். 1947 ஆகஸ்டு 15 ஆம் தேதி நாடெங்கும் கொடி ஏறிய காலையில் அவர் கண்ணூர்ச் சிறையில் இருந்தார். பிறகு வெளியே வந்தவர் அவ்வாண்டு டிசம்பரிலேயே மீண்டும் பிடிபட்டார். சாதாரணக் குற்றச் சட்டப்படி அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் ரத்தாயின; ஆயினும் ஓர் உத்தரவு தீருமுன் இன்னோர் உத்தரவு வந்து கதவைச் சாத்தியது. 1950 மார்ச்சில் வந்தது அவ்வரிசையில் ஒன்று.

சர்க்காரின் பக்கத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். தேசப் பிரிவினையின் ரத்தம் உலரவில்லை. மகாத்மாவைச் சுட்டுக் கொன்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1948 இல் கல்கத்தாவில் கூடிய கம்யூனிஸ்டுக் கட்சி மாநாடு புதிய சர்க்காரைக் கவிழ்க்கும் பாதையையே தேர்ந்திருந்தது. மசோதாவைக் கொண்டுவந்த சர்தார் படேல், பல இரவுகள் உறக்கமின்றி யோசித்த பிறகே இம்முடிவுக்கு வந்ததாகச் சபையில் சொன்னார். அதை நான் நம்புகிறேன். 1942 முதல் 1945 வரை அகமத்நகர்க் கோட்டையில் விசாரணையின்றி அடைபட்டிருந்தவர் அவர். பூட்டிய கதவுக்கு உட்புறம் எப்படியிருக்கும் என்பதை அவருக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை. நல்லவர்கள், தியாகிகள், சிறையின் துயரத்தைத் தம் உடம்பால் அறிந்தவர்கள், அரியணையில் அமர்ந்த மூன்றாம் ஆண்டிலேயே தம்மைப் பூட்டிய அதே பூட்டைக் கையில் எடுத்தார்கள் என்பதுதான் நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய விஷயம். ஏனெனில், ஆள்வோர் உத்தமர்களாக இருந்தால் பிரஜைகளின் சுதந்திரத்துக்குப் பங்கம் நேராது என்னும் நம்பிக்கை, நம்மிடையே வேரோடியுள்ள அந்த நம்பிக்கை, இந்த ஓர் உதாரணத்தின் முன் நிற்கவில்லை.

பூட்டு பழையது. வங்காளத்தில் 1818 ஆம் ஆண்டின் மூன்றாவது ரெகுலேஷன் என்று கம்பெனியார் இயற்றிய விதியும், மறு ஆண்டில் சென்னைக்கென்று இயற்றிய விதியும், ராஜ்ய காரணம் என்ற ஒன்றைச் சொல்லி எவரையும் காலவரையின்றி அடைக்க இடம் கொடுத்தன. 1907 இல் லாலா லஜபதி ராய் மாந்தலேக்கு நாடு கடத்தப்பட்டது அந்த 1818 விதியின்படிதான். 1919 இல் வந்த ரௌலட் சட்டத்தைத் தேசம் எதிர்த்த வரலாறு எல்லோரும் அறிந்தது. அதை எதிர்த்து நாடெங்கும் ஹர்த்தால் செய்யலாம் என்னும் எண்ணம், ராஜாஜியின் விருந்தினராகச் சென்னையில் தங்கியிருந்தபோதுதான் காந்தியடிகளுக்கு உதித்தது. அந்தச் சென்னையே முப்பத்தோர் ஆண்டுகள் கழித்துத் தடுப்புக் காவலின் பரீட்சைக் களமாயிற்று.

சாசனத்தை இயற்றியவர்கள் இவ்விஷயத்தில் வெகுவாகத் தயங்கினார்கள். உரிய நியாய முறைப்படியன்றி எவருடைய சுதந்திரத்தையும் பறித்தலாகாது என்னும் அமெரிக்க வாசகமே முதலில் நகலில் இருந்தது. சாசன ஆலோசகர் பி. என். ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி பிராங்க்பர்ட்டரோடு கலந்து பேசித் திரும்பியபின் அது மாற்றப்பட்டு, 'சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட நடைமுறைப்படி' என்ற வாசகம் புகுந்தது. சென்னையின் தலைசிறந்த சட்ட மேதையான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அம்மாற்றத்தை உறுதியாக ஆதரித்தார். முன்னைய வாசகத்தின்படி, சட்டம் நியாயமானதுதானா என்று நீதிபதி கேட்கலாம். பின்னையதன்படி, சட்டம் என்ற ஒன்று இருக்கிறதா என்று மட்டுமே கேட்கலாம். இக்குறையை உணர்ந்த அம்பேத்கர், ஈடுசெய்யும் முகமாக 1949 செப்டம்பரில் ஒரு புதிய ஷரத்தைக் கொண்டுவந்தார். அதுவே இன்றைய 22 ஆவது ஷரத்து. தடுப்புக் காவலை அது ஒழிக்கவில்லை, வேலி கட்டியது. மூன்று மாதத்துக்கு மேல் அடைப்பதானால் ஓர் ஆலோசனைக் குழுவின் இசைவு வேண்டும் என்றது (அதிலிருந்து விலக்களிக்கவும் பார்லிமெண்டுக்கு இடம் வைத்தது). அடைத்ததற்கான காரணங்களைக் கைதிக்குக் கூடிய விரைவில் தெரிவித்து, அவன் எதிர்வாதம் எழுதி அனுப்ப வாய்ப்பளிக்க வேண்டும் என்றது. சமாதான காலத்துத் தடுப்புக் காவலை அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே இடம் கொடுத்து வைத்திருக்கும் சாசனங்கள் உலகில் மிகச் சிலவே.

கோபாலனுடைய மனு நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. அவருக்காக வாதாடியவர் எம். கே. நம்பியார். ஆறு நீதிபதிகள் கேட்டு, 1950 மே 19 ஆம் தேதி தீர்ப்பளித்தார்கள். பெரும்பான்மையோர் தீர்ப்பு, சட்டம் செல்லும் என்பது. கோபாலன் சிறையிலேயே இருந்தார். சட்டக் கல்லூரிகளில் இத்தீர்ப்பைச் சுதந்திரத்தின் தோல்வியாகவே கற்பிக்கிறார்கள், அது நியாயமே. ஆனால், ஆறு நீதிபதிகளும் ஒருமுகமாக நின்று அச்சட்டத்தின் ஒரு பிரிவைச் செல்லாதென்று அறுத்தெறிந்ததை அவ்வளவாக யாரும் எடுத்துப் பேசுவதில்லை. அது 14 ஆவது பிரிவு. சர்க்கார் தன்னை ஏன் அடைத்தது என்று எழுதிக் கொடுத்த காரணங்களைக் கைதி எந்த நீதிமன்றத்திலும் சொல்லக் கூடாது, நீதிமன்றமும் கேட்கக் கூடாது, சர்க்காரின் அனுமதியின்றி அவற்றை வெளியிடுபவனுக்கு ஓராண்டு வரை சிறை என்று அப்பிரிவு விதித்திருந்தது. காரணம் சொல்லுகிறோம், ஆனால் அதை நீ எவரிடமும் சொல்லாதே என்பது இதன் பொருள். நீதிபதியின் முன் வந்து நிற்கும் ஒருவன், தன்மேல் சாட்டப்பட்டது இன்னதென்று சொல்லவே வாய் திறக்க முடியாதாயின், அவனுக்கு நீதிமன்றம் இருந்தும் இல்லாததே. மற்றவற்றில் மாறுபட்ட ஆறு பேரும் இந்த ஒன்றில் ஒன்றுபட்டார்கள். ராஜாங்கம் காவலாக இருக்கும் எல்லை எங்கே முடிகிறது, அபாயமாக மாறும் எல்லை எங்கே தொடங்குகிறது என்று என்னைக் கேட்டால், அந்த 14 ஆவது பிரிவைத்தான் காட்டுவேன்: தான் சொன்ன காரணத்தைத் தனக்கு அப்பாற்பட்ட ஒருவர் எடுத்துப் பார்ப்பதை அது எந்தக் கணத்தில் மறுக்கிறதோ, அந்தக் கணத்திலே.

அத்தீர்ப்பில் நீதிபதி பசல் அலி தனித்து நின்று எழுதியது பின்வந்தோர் நெஞ்சில் நிலைத்தது. நடைமுறை என்றால் வெறும் சடங்கு அன்று, முன்னறிவிப்பும் தன் கட்சியைச் சொல்லும் வாய்ப்பும் நடுநிலையான விசாரணையும் அதனுள் அடங்கும் என்பது அவர் கருத்து. ஒரு வாரம் கழித்து, மே 26 ஆம் தேதி, 'கிராஸ் ரோட்ஸ்' வழக்கில் தீர்ப்பு வந்தது. பத்திரிகைக்கு விதித்த தடை செல்லாதென்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், கோபாலனுடைய காவலைச் செல்லும் என்ற சென்னைக்காரர் பதஞ்சலி சாஸ்திரி. அங்கே மாறுபட்டுச் சர்க்காரின் தடையை ஆதரித்தவர், கோபாலனுக்காக நின்ற அதே பசல் அலி. சுதந்திரப் பிரியர் இவர், அதிகாரப் பிரியர் அவர் என்று மனிதர்களைப் பிரித்து வைத்துவிட முடியாது என்பதற்கு இந்த ஒரு வாரத்தைக் காட்டிலும் வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

தடுப்புக் காவலின் உயிர்நிலை, உத்தரவிடும் அதிகாரியின் மனத்திருப்தி என்பது. இன்னான் வெளியே இருந்தால் பொது அமைதி கெடும் என்று அவர் மனம் திருப்தியுற்றால் போதும். அந்தத் திருப்தி சரியா என்று நீதிபதி எடைபோடலாகாது. சிலப்பதிகாரத்தைப் படித்த நமக்கு இச்சொல் அச்சமூட்ட வேண்டும். பாண்டியன் கொடியவன் அல்லன். தன் குடியைக் காக்கும் காவலன் என்றே தன்னைக் கருதியவன். பொற்கொல்லன் சொன்னான், அரசன் திருப்தியுற்றான், கோவலன் வெட்டுண்டான். சிலம்பைக் கையிலெடுத்து, இதன் பரல் முத்தா மாணிக்கமா என்று கேட்க ஒரு நாழிகைகூடப் பிடித்திராது. அந்தக் கேள்வி கொலைக்குப் பின் கேட்கப்பட்டது என்பதே காப்பியத்தின் துயரம்.

1950 ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 1969 முடியும்வரை உயிரோடிருந்தது. ஓராண்டே இடைவெளி விட்டு 1971 இல் மிசா என்னும் அடுத்த தடுப்புக் காவல் சட்டம் வந்தது. கோபாலனோ 1952 இல் கண்ணூரிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அங்கே தம் கட்சிக்குத் தலைவராக அமர்ந்தார்.

1975 ஜூன் 25 ஆம் தேதி இரவு நெருக்கடி நிலை பிரகடனமான பிறகு மிசாவில் சேர்க்கப்பட்ட 16அ என்ற பிரிவை எடுத்துப் படிப்பவர், இறந்ததென்று எண்ணிய ஒன்று எழுந்து நடப்பதைக் காண்பர். கைதிக்குக் காரணம் தெரிவிக்க வேண்டியதில்லை. காரணங்கள் ராஜ்ய ரகசியமாகக் கருதப்படும். அவற்றை எவரும் எவருக்கும் வெளியிடலாகாது. கோபாலன் வழக்கில் ஆறு பேரும் அறுத்தெறிந்த அதே 14 ஆவது பிரிவு, முன்னிலும் பருத்துத் திரும்பி வந்தது. ஒன்பது உயர்நீதிமன்றங்கள் கைதிகளின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்றே சொல்லின. மேல்முறையீட்டில், ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட நெருக்கடி காலத்தில் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச். ஆர். கன்னா கேட்டபோது, கிடையாது என்றே அட்டர்னி ஜெனரல் விடையளித்தார். 1976 ஏப்ரல் 28 ஆம் தேதி நால்வர் அதற்கு இசைந்தார்கள். கன்னா ஒருவரே மறுத்தார். அடுத்த ஜனவரியில் அவருக்கு இளையவர் ஒருவரைப் பிரதம நீதிபதியாக்கினார்கள். கன்னா பதவி துறந்தார்.

தமிழ்நாட்டில் இதற்குள் நடந்தது தனியே சொல்லத் தக்கது. முதல் ஏழு மாதங்கள் இங்கிருந்த தி.மு.க. அரசு நெருக்கடி நிலையை எதிர்த்து நின்றது. வடக்கே தேடப்பட்ட பலருக்குச் சென்னை புகலிடமாயிற்று. அதாவது, ஒரு சர்க்காரிடமிருந்து பிரஜையை இன்னொரு சர்க்கார் காத்தது. 1976 ஜனவரி 31 ஆம் தேதி அந்த அரசு கலைக்கப்பட்டது. உடனே மிசாவில் கைதுகள் தொடங்கின. சில நாட்களுக்குள் சென்னை மத்திய சிறையில் கைதிகள் கொடூரமாக அடிக்கப்பட்டார்கள். மக்களவை உறுப்பினரும் சென்னையின் முன்னாள் மேயருமான சிட்டிபாபு, அச்சிறையிற் பட்ட காயங்களின் விளைவாக 1977 ஜனவரியில் காலமானார். பிற்பாடு விசாரணைக் கமிஷனாக அமர்ந்தவர் நீதிபதி மு. மு. இஸ்மாயில்; கம்பனில் தோய்ந்த அந்த அறிஞர், அடித்தது உண்மையென்றே தம் அறிக்கையில் கண்டார். காரணம் கேட்க எவருக்கும் வழியில்லாத சிறையில், கை ஓங்குவதற்கும் எவருக்கும் பயம் இருக்காது. சட்டப் புத்தகத்தில் 16அ என்று எழுதியவர்கள் எவரையும் அடிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த எழுத்துக்கும் அந்த அடிக்கும் இடையே நான் ஒரு நேர்க்கோட்டைக் காண்கிறேன். நெருக்கடி நிலை 1977 மார்ச் 21 ஆம் தேதி நீங்கிற்று. மறுநாள் கோபாலன் இறந்தார்.

காரணம் சொல்ல மறுக்கும் வழக்கம் ஒரு கட்சிக்கோ ஒரு தலைவருக்கோ உரியது அன்று. நெருக்கடி நிலையைக் கண்டித்தே ஆட்சிக்கு வந்த ஜனதா சர்க்கார், அவ்வாண்டு ஜூலையிலேயே மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பறிமுதல் செய்து, ஏன் என்று அவர் கேட்டபோது, பொது நலனை முன்னிட்டுக் காரணம் கூற இயலாது என்று பதில் எழுதியது. அதன்மேல் எழுந்த வழக்கிலேதான், 1978 ஜனவரி 25 ஆம் தேதி, சட்டம் காட்டும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்னும் பசல் அலியின் பழைய கொள்கை வெற்றி பெற்றது. 1976 ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தவறென்று சுப்ரீம் கோர்ட்டு வெளிப்படையாக நீக்கியது 2017 ஆகஸ்டில். அப்படி எழுதியவர், அன்றைய நால்வரில் ஒருவராக இருந்த நீதிபதி சந்திரசூடின் மகன்.

இவையெல்லாம் பெரிய மனிதர்களின் கதை. இன்று தமிழ்நாட்டில் தடுப்புக் காவல் பெரும்பாலும் பெயரறியாத ஏழைகள்மேல் விழுகிறது. 1982 ஆம் ஆண்டின் 14 ஆவது சட்டத்தைக் குண்டர் சட்டம் என்று பத்திரிகைகள் எழுதும். தெருவில் 'குண்டாஸ் போட்டுட்டாங்க' என்பார்கள். கள்ளச் சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், விபசாரத் தொழில் நடத்துவோர், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்போர் என்று தொடங்கிய அதன் பட்டியலில், பிற்பாடு வனக் குற்றவாளிகள், திருட்டு வீடியோ தயாரிப்போர், மணல் கடத்துவோர், பாலியல் குற்றவாளிகள், இணையக் குற்றவாளிகள் ஆகியோரும் சேர்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒருவர் கோப்புத் தயாரிப்பார். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ மனத்திருப்தியுற்று உத்தரவிடுவார். ஓராண்டு வரை உள்ளே.

இச்சட்டத்துக்கு ஆதரவான வாதத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். மாதந்தோறும் ரவுடிக்கு மாமூல் கொடுத்துக் கடை நடத்தும் சிறு வியாபாரிக்குச் சுதந்திரம் எங்கே இருக்கிறது? அவனுடைய சுதந்திரத்தைப் பறித்தது சர்க்கார் அன்று, பக்கத்துத் தெருக்காரன். அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல எவரும் முன்வர மாட்டார். வந்தாலும் கோர்ட்டுப் படியேறுவதற்குள் பிறழ்ந்துவிடுவார். அந்த வியாபாரி, குண்டாஸ் போட்ட செய்தியைக் கேட்டு அன்றிரவு நிம்மதியாக உறங்குவான். அவனுடைய உறக்கத்தைக் கொச்சைப்படுத்தும் உரிமை எனக்கில்லை. ஆனால் அந்த உறக்கத்தின் விலையை யோசிக்க வேண்டும். சாட்சியைக் காப்பது, புலனாய்வைச் சரியாகச் செய்வது, வழக்கை விரைந்து முடிப்பது ஆகிய கடினமான காவலை அரசு செய்யாமல் விட்டு, சுலபமான காவலைத் தேர்ந்துகொள்கிறது. தடுப்புக் காவலில் அடைபட்டோர் தொகையில் தமிழ்நாடு பல ஆண்டுகள் நாட்டின் முன்வரிசையில் நின்றிருக்கிறது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி அன்று. ஆட்கொணர்வு மனுக்கள் சென்னையிலும் மதுரையிலும் உயர்நீதிமன்றத்தில் வந்து குவிகின்றன. கைதியின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகல் படிக்க முடியாதது, ஆங்கில ஆவணத்துக்குத் தமிழாக்கம் தரவில்லை என்ற காரணங்களால் உத்தரவுகள் பல ரத்தாகின்றன. ஆனால் அது ரத்தாவதற்குள் மாதங்கள் கழிந்துவிடும். அந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்? தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், சாதாரணச் சட்டமே போதுமானதாக இருக்கும்போது தடுப்புக் காவலை நாடுவது சட்ட விரோதம் என்று 2011 இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. நடைமுறை பெரிதும் மாறியதாகத் தெரியவில்லை. மிசாவில் அடிபட்டவர்களின் கட்சியும் சரி, அதன் எதிர்க்கட்சியும் சரி, கோட்டையில் அமர்ந்த எவரும் இச்சட்டத்தை நீக்க முன்வரவில்லை, விரிவாக்கவே செய்தார்கள்.

நெருக்கடி நிலையின் பாடத்தைக் கற்ற பார்லிமெண்டு, சாசனத்தின் 44 ஆவது திருத்தத்தில், 22 ஆவது ஷரத்தையும் திருத்தியது. ஆலோசனைக் குழுவின் இசைவின்றி அடைத்துவைக்கக்கூடிய காலம் மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. உயர்நீதிமன்றத்தின் பிரதம நீதிபதி பரிந்துரைக்கிறபடியே குழு அமைய வேண்டும், அதன் தலைவர் பதவியிலுள்ள உயர்நீதிமன்ற நீதிபதியாகவே இருக்க வேண்டும் என்றும் ஆயிற்று. 1979 ஏப்ரல் 30 ஆம் தேதி ஜனாதிபதி ஒப்புதலும் அளித்தார். ஆனால் திருத்தத்தின் பிரிவுகள் அமலுக்கு வரும் தேதியைக் குறிப்பதை மத்திய சர்க்காரின் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். ஏனைய பிரிவுகளுக்குத் தேதி குறிக்கப்பட்டது. தடுப்புக் காவலைப் பற்றிய மூன்றாவது பிரிவுக்குக் குறிக்கப்படவில்லை. தேதி குறிக்கும்படி சர்க்காரைக் கட்டாயப்படுத்த வேண்டுமென்று கேட்ட வழக்கிலும், அப்படிக் கட்டளையிட இயலாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அதன்பின் டெல்லியில் எத்தனையோ மந்திரிசபைகள் வந்து போயின. கெஜட்டில் ஒரு வரி அச்சிட்டால் போதும். அந்த வரி இன்னும் அச்சாகவில்லை.